சிவக்காத கீரையும் பீரோவுக்குள் ஒரு பல்பும்

விதைப் பாக்கெட்டின் மேல் இருந்த படத்தில் லெட்டூஸ் இலை மாதுளைத் தோல் நிறத்தில் இருந்தது. பெயர் லோலோ ரோசா. என் தட்டில் வளர்ந்தது முழுக்கப் பச்சை. ஓரத்தில்கூட ஒரு சிவப்புக் கீற்று இல்லை. விதைக்காரர் வேறு விதையைப் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று ஒரு வாரம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அவர்மேல் தப்பே இல்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ‘வெயில்ல வச்சா போச்சு, இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு’ என்று கேட்பீர்கள். ஊர் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான். வீடு பெரியது. ஆனால் அதில் இன்றைக்குப் பதினாலு புள்ளிக்கு, அதாவது பதினாலு குடும்பத்துக்கு, பங்கு உண்டு. எங்கள் பங்குக்கு, உள்ளே தள்ளி இருக்கும் இரண்டாங்கட்டில் ஒரு அறை, வளவில் ஒரு அறை, அவ்வளவுதான். வருஷம் முழுக்க இங்கே குடியிருப்பது அப்பத்தாவும் நானும் மட்டும். நான் வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். வளவு திறந்த முற்றம், வெயில் கொட்டும். ஆனால் அது பொது. கல்லில் தொட்டிக் கறை படிந்தால், நாளைக்கு ஒரு விசேஷத்துக்கு எல்லாரும் வந்து நிற்கும்போது யார் பதில் சொல்வது? பின்னால் கொல்லையில் போட்டுப் பார்த்தேன். ஒரு பாத்தி வெந்தயக்கீரையை மயில்கள் ஒரே காலையில் முடித்துவிட்டுப் போயின. ஆக, இரண்டாங்கட்டு அறைக்குள் ஒரு இரும்பு ரேக்.

செப்டம்பரில் ஆரம்பித்தேன். தட்டுகளில் தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் பாதிப் பாதி. தட்டுக்கு இரண்டு 20 வாட் எல்.இ.டி. பட்டை விளக்கு, தினம் 14 மணி நேரம். லோலோ ரோசா, பாலக், சிவப்புத் தண்டுக்கீரை, திருநீற்றுப்பச்சிலை, நான்கும் போட்டேன். லெட்டூஸ் விதை நம் ஊர்ச் சூட்டில் முளைக்க அடம்பிடிக்கும். ஈரத்துணியில் மடித்து ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைத்து எடுத்தால் முளைத்துவிடும். தடித்த சுவர், உயரமான கூரை, அறைக்குள் எப்போதும் ஒரு குளிர்ச்சி. செடிகள் நன்றாகவே வந்தன. பார்க்கப் பசுமை. ஆனால் லெட்டூஸ் சிவக்கவில்லை. தண்டுக்கீரை வெளிறிப்போய் ரோஸும் பச்சையுமாக நின்றது. திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளிக் கசக்கி அப்பத்தா மூக்கருகே நீட்டினேன்.

“பாக்க நல்லாத்தான் இருக்கு. வாசமே இல்லையேப்பா. காயிதத்துல செஞ்சதா?”

இந்த ‘காயிதம்’ என்கிற வார்த்தைதான் என்னை உசுப்பிவிட்டது.

தேடிப் படித்ததில் விஷயம் இதுதான். லெட்டூஸ் சிவக்கவும் பச்சிலை மணக்கவும் உதவுவது வெயிலில் இருக்கும் புற ஊதா ஒளி, அது என் விளக்கில் இல்லை. வெள்ளை எல்.இ.டி. என்று நாம் சொல்வதற்குள் இருப்பது நீல விளக்கு. சுமார் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் நீல ஒளி விடும் ஒரு சில்லு, அதன்மேல் மஞ்சளாகத் தெரியும் பாஸ்பர் பூச்சு. இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. 400 நானோமீட்டருக்குக் கீழே அதில் ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம். அந்த 400-க்குக் கீழேதான் புற ஊதா, அதாவது யூவி, ஆரம்பிக்கிறது. 315 முதல் 400 வரை யூவி-ஏ, 280 முதல் 315 வரை யூவி-பி, அதற்கும் கீழே யூவி-சி. சூரியனிலிருந்து வரும் யூவி-சி முழுவதையும் காற்று மண்டலமே தடுத்துவிடுகிறது. யூவி-பியில் கொஞ்சம் தரைக்கு வருகிறது. யூவி-ஏ தாராளமாக வருகிறது.

எங்கள் அறைக்கு ஒரு ஜன்னலும் உண்டு, மேலே கலர்க் கண்ணாடி போட்டது. பெல்ஜியத்திலிருந்து வந்தது என்று ஐயா பெருமையாகச் சொல்வார். பெல்ஜியமோ பெரம்பூரோ, சாதாரணக் கண்ணாடி யூவி-பியைக் கிட்டத்தட்ட முழுதாக நிறுத்திவிடும். ஆக விளக்கிலும் யூவி-பி இல்லை, ஜன்னல் வழியாகவும் இல்லை. என் செடிகள் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்ததே கிடையாது.

சரி, அதை நாமே கொடுப்போம் என்று இறங்கினேன். இனி வருவது என் முட்டாள்தனங்களின் வரிசை.

முதலில் வாங்கியது ‘யூவி’ என்று பெரிதாக அச்சடித்த ஊதா எல்.இ.டி. நாடா. ஆன்லைனில் 600 ரூபாய்க்குள். எரியவிட்டால் அறையே நாடகக் கொட்டகை மாதிரி ஆகிவிடும். ரூபாய் நோட்டைக் காட்டினால் எண்ணும் உள்ளே பதித்த இழைகளும் மின்னின. சலவை வேட்டி நீலமாக ஒளிர்ந்தது. ஆகா, உண்மையான சரக்கு என்று பதினைந்து நாள் தினம் நான்கு மணி நேரம் காட்டினேன். லெட்டூஸ் ஓரத்தில் லேசாக ஒரு பழுப்பு தட்டியதோ இல்லையோ என்கிற அளவுக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் 395 என்று இருந்ததைப் பார்த்தேன். அது யூவி-ஏயின் மேல் விளிம்பு, ஊதாவுக்குப் பக்கத்து வீடு. நோட்டை மின்ன வைக்க அது போதும், செடிக்குள் யூவி-பி செய்கிற வேலையை அது செய்யாது.

அத்தை பேத்தி ஒருத்தி விடுமுறைக்கு வந்தபோது வெயிலில் நிறம் மாறும் பாசிமணி ஒன்று கொண்டு வந்திருந்தாள். அதை வைத்து யூவி-பியைச் சோதிக்கலாம் என்று நினைத்ததும் வீண். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தாலும் அது நிறம் மாறியது. அந்த மணிக்கு யூவி-ஏ போதுமாம்.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினில் மாற்றி எடுத்த பழைய குழல் விளக்கு ஒன்று பரணில் கிடந்தது. இன்னும் எரிந்தது. ‘யூவி தானே’ என்று ஒரு அட்டைப்பெட்டிக்குள் பொருத்தி, வீணாகப் போனாலும் பரவாயில்லை என்று ஒரு பாலக் தட்டை உள்ளே வைத்து மூன்று நிமிஷம் கொடுத்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் இலையின் மேல்பக்கம் வார்னிஷ் அடித்தது போல ஒரு பளபளப்பு. மூன்றாம் நாள் அது வெண்கல நிறமாகி, ஓரம் சுருண்டு, தொட்டால் நொறுங்கியது. அந்தக் குழல் விடுவது 254 நானோமீட்டர், யூவி-சி. கிருமியின் மரபணு இழையில் பக்கத்துப் பக்கத்துக் கண்ணிகளை ஒட்டவைத்து அதைப் பெருகவிடாமல் செய்வதுதான் அதன் தொழில். கிருமிக்கு ஒரு சட்டம், கீரைக்கு ஒரு சட்டம் என்றெல்லாம் அதற்குக் கிடையாது, தோலுக்கும் கண்ணுக்கும் அதே கதிதான். தயவுசெய்து யாரும் அதைக் கழற்றி விளையாட வேண்டாம். நான் அன்றே பழைய பேப்பர் சுற்றி மூட்டை கட்டிவிட்டேன்.

மூன்றாவதாகத்தான் சரியான பல்பு கிடைத்தது. மதுரையில் மீன்தொட்டிக் கடை ஒன்றில், ஓந்தி, ஆமை வளர்க்கிறவர்களுக்கென்று விற்கிற 26 வாட் பல்பு. மேலே 10.0 என்று ஒரு எண். அது விடுகிற ஒளியில் சுமார் பத்து சதவீதம் யூவி-பி என்பதற்கான அடையாளமாம். விலை 1,100 ரூபாய். பார்க்கச் சாதாரண சி.எஃப்.எல். மாதிரிதான், கண்ணாடி மட்டும் யூவி-பியை வெளியே விடுகிற தனி ரகம்.

இந்தத் தடவை கொஞ்சம் புத்தியோடு செய்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு பழைய போட்டோ சட்டம் வாங்கினேன். எனக்கு வேண்டியது சட்டம் இல்லை, கண்ணாடி. ஒரே தட்டில் பன்னிரண்டு லெட்டூஸ். ஆறு செடிக்கு மேலே, நான்கு டம்ளர்களை முட்டுக்கொடுத்து அந்தக் கண்ணாடியைப் படுக்க வைத்தேன். மீதி ஆறு திறந்தபடி. பல்பு நடுவில், 40 சென்டிமீட்டர் உயரத்தில். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே சூடு, ஒரே எல்.இ.டி. வெளிச்சம். வித்தியாசம் யூவி-பி மட்டும், அதிகம் போனால் கண்ணாடி தின்னும் கொஞ்சம் வெளிச்சம். தினம் மதியம் ஒரு மணிக்குப் பதினைந்து நிமிஷம். ஏன் பதினைந்து? என் டைமரில் அழுத்தி வைக்கிற ஒரு முள்ளுக்குப் பதினைந்து நிமிஷம், அதற்குக் குறைத்து வைக்க முடியாது. பெரிய அறிவியல் காரணம் ஒன்றுமில்லை.

செடிக்கு அப்போது 28 நாள் வயசு. முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் காலையில் விளக்கைப் போட்டுவிட்டுக் காப்பி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். தட்டின் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருந்தது. கண்ணாடிக்கு அடியில் பச்சை, வெளியே ஓரமெல்லாம் செந்நிறம். விளிம்பில் இருந்த ஒரு செடி பாதி அப்படி, பாதி இப்படி. ஏழாம் நாள் திறந்த பக்கம் பாக்கெட் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிற நிறத்துக்கு வந்திருந்தது.

1801-ல் யோகான் ரிட்டர் என்கிற ஜெர்மானியர் ஊதாவுக்கு அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் இந்த மாதிரிதான். பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்த வெயிலில், ஊதாவைத் தாண்டிக் கண்ணுக்கு ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெள்ளிக் குளோரைடு, தெரிகிற நிறங்களில் வைத்ததைவிடச் சீக்கிரமாகக் கறுத்தது. அவருக்கு வெள்ளி உப்பு, எனக்கு லெட்டூஸ்.

உள்ளே நடப்பதைப் பற்றிப் படித்ததும் சுவாரசியமாக இருந்தது. யூவி-பி பட்டுச் செடி காயப்படுகிறது, அதனால் சிவக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். குறைந்த அளவில் அது காயமே இல்லை, சேதி. யூ.வி.ஆர்.8 என்று ஒரு புரதம் செல்லுக்குள் இரட்டை இரட்டையாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. யூவி-பி பட்டவுடன் ஜோடி பிரிகிறது. பிரிந்த ஒற்றை, வெயில் வந்துவிட்டது என்று செல்லின் கருவுக்குத் தகவல் கொடுக்க, செடி தனக்குத் தானே குடை தைக்க ஆரம்பிக்கிறது. அந்தக் குடைதான் இலையின் மேல்தோலில் சேரும் ஃபிளேவனாய்டுகளும் சிவப்பு நிறமியான ஆந்தோசயனினும். இந்தப் புரதம்தான் யூவி-பியை உணர்கிறது என்பது நிரூபணமானதே 2011-ல், கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில்.

குடை தைக்கச் செலவு உண்டு. அறுத்து எடைபோட்டதில் கண்ணாடிப் பக்கத்து ஆறு செடி 171 கிராம், திறந்த பக்கத்து ஆறு 148 கிராம். இலை சின்னது, தடிமன் அதிகம், மென்றால் மொறுமொறுப்பும் நாக்கின் அடியில் லேசான கசப்பும். எனக்குக் கசந்த பக்கம்தான் பிடித்தது. எடைக்கு விற்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதைக்கும். அதனால்தான் கடைசி ஒரு வாரம் மட்டும் கொடுப்பது நல்லது என்று படுகிறது. முதல் நாலு வாரம் வளரட்டும், அப்புறம் நிறம் ஏற்றிக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகுதான் ஆசை வந்தது. பதினைந்தில் இவ்வளவு என்றால் நாற்பத்தைந்தில்? மூன்று முள்ளை அழுத்தி வைத்தேன். இரண்டாம் தட்டில் நாலு நாள் ஓடியிருக்கும், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தது. எல்.இ.டி. விளக்குகள் இன்வெர்ட்டரில். டைமரும் பல்பும் இல்லை. எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் டைமர் நின்றது, அதன் கடிகாரமும் நின்றது. மதியம் ஒரு மணிக்கு எரிய வேண்டிய பல்பு ராத்திரி ஒன்பதுக்கு எரிந்திருக்கிறது. நான் அந்த நேரத்தில் அதே தட்டில் தலையைக் குனிந்து, பல்புக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு, நாற்று பிரித்து நட்டுக்கொண்டிருந்தேன். எல்.இ.டி. வெளிச்சத்தோடு வெளிச்சமாக அது எரிவது தெரியவே இல்லை.

ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தது. இரண்டு கண்ணிலும் ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தல், தாரை தாரையாகத் தண்ணீர், இமையைத் திறக்க முடியவில்லை. அப்பத்தா பதறிப்போய் விளக்கெண்ணெய்ப் புட்டியைத் தேட ஆரம்பித்தார். அதெல்லாம் வேண்டாம் என்று ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, “வெல்டிங் வேலை செய்யிறீங்களா?” என்றார். கருவிழியின் மேல்தோல் வெந்துபோனதாம். பட்ட நேரத்தில் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் காட்டும். சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டு நாளில் சரியானது. அந்தத் தட்டு லெட்டூஸும் அதிகமாகக் கருகியது. நாற்பத்தைந்து நிமிஷத்தில் கரும்பழுப்புப் புள்ளிகள், நடு இலை வளர்ச்சி நின்று குறுகிப்போயிற்று. எனக்கும் லெட்டூஸுக்கும் ஒரே நோய்.

அதோடு திறந்த ரேக்கில் அந்தப் பல்பு எரிவதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு பழைய ஸ்டீல் பீரோ இருந்தது. நடுத்தட்டுகளைக் கழற்றி, மேலே காற்றுப் போக நாலு துளை போட்டு, பல்பை உள்ளே மாட்டினேன். இரும்புப் பெட்டி என்பதால் எர்த் கம்பியை மறக்கவில்லை. கதவைத் திறந்தால் பல்பு அணைய வேண்டும், அதற்குப் பழைய ஃபிரிட்ஜின் கதவு சுவிட்ச் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். பெருமையாகக் கதவைத் திறந்தேன். பல்பு எரிந்தது! மூடினால் அணைகிறது. ஃபிரிட்ஜில் கதவைத் திறந்தால்தானே விளக்கு எரியும்? அதே வேலையை அது விசுவாசமாகச் செய்தது. நல்லவேளை, அன்றைக்கு மூக்குக்கண்ணாடி போட்டிருந்தேன். பிறகு மூன்று காலுள்ள மைக்ரோ சுவிட்ச் வாங்கி, பொதுக் காலிலும், அழுத்தாதபோது இணையாத என்.ஓ. காலிலும் ஒயரைக் கொடுத்தேன். கதவு அழுத்தினால் மட்டும் இணையும். கூடவே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர். நிமிஷக் கணக்கில் வைக்கலாம், கரண்ட் போனாலும் நேரம் மறக்காது. இதை முதல் நாளே வாங்கியிருந்தால் ஒரு டாக்டர் பீஸ் மிச்சம்.

பீரோவில் நான் அதிகம் எதிர்பார்த்தது தண்டுக்கீரையைத்தான், அது காலை வாரிவிட்டது. கண்ணாடி வைத்துப் பார்த்தேன், கோடு விழவில்லை. இரண்டு பக்கமும் அதே வெளிறல். காரணத்தைத் தேடினால் தண்டுக்கீரையின் சிவப்பு வேறு சாதி. அது பீட்டாசயனின், பீட்ரூட்டிலும் காகிதப்பூவிலும் இருக்கும் வகை. ஆந்தோசயனின் செய்யும் செடி பீட்டாசயனின் செய்யாது, இது செய்யும் செடி அதைச் செய்யாது. இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து இருப்பதில்லை. அடுப்படியில் சோதித்தும் பார்த்தேன். சிவந்த லெட்டூஸைக் கொதிக்க வைத்த தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ரோஸ் நிறம் கூடியது, ஆப்பசோடா போட்டால் பச்சையும் நீலமுமாகத் திரிந்தது. தண்டுக்கீரைத் தண்ணீர் இரண்டுக்கும் பெரிதாக அசரவில்லை. கடைசியில் இன்னொரு ஜோடி எல்.இ.டி. பட்டையைச் சேர்த்து வெளிச்சத்தை இரட்டிப்பாக்கியதும் அது தானாகச் சிவந்தது. அதற்குக் குறைந்திருந்தது சாதாரண வெளிச்சம்தான்.

திருநீற்றுப்பச்சிலை ஏமாற்றவில்லை. அதன் வாசம் இலையில் இருக்கும் மிகச் சிறிய எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. யூவி-பி இல்லாமல் வளர்ந்தால் அந்தச் சுரப்பிகள் சரியாக நிரம்புவதில்லை. தினம் பதினைந்து நிமிஷமாக ஒரு வாரம் கொடுத்தேன். கண்ணாடிப் பக்கத்திலிருந்து ஒரு கொத்து, திறந்த பக்கத்திலிருந்து ஒரு கொத்து, எது எது என்று சொல்லாமல் அப்பத்தாவிடம் நீட்டினேன். மூன்று நாள், மூன்று தடவை. மூன்றிலும் சரியாகச் சொன்னார்.

“இது நீ வளத்தது. இது கொல்லையில முளைச்சது, எங்க பறிச்சே?”

பிறகு ஜனவரியில், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வந்திருந்த பெரியப்பா பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, நான் ஆதியில் பயந்த அதே கேள்வியைக் கேட்டார். “வளவுல அம்புட்டு வெயில் வீணாப் போகுதே, இதுக்குப் பல்பு எதுக்கு?” பொது இடம், கல், கறை என்று இழுத்தேன். “தொட்டி வைக்கத்தான் கூடாது. கொண்டாந்து காட்டிட்டு எடுத்துட்டுப் போறதுக்கு யாரு என்ன சொல்லப் போறா? ஒரு சொட்டுத் தண்ணி கல்லுல விழாம பாத்துக்க.”

நாலு சக்கரம் வைத்த பலகை ஒன்று செய்தேன், ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழாமல் ரப்பர்ச் சக்கரம். காலை வெயிலும் மாலை வெயிலும் இதற்குப் பிரயோசனமில்லை. சாய்வாக வரும்போது யூவி-பியின் பெரும்பகுதி வழியிலேயே ஓசோனில் தங்கிவிடுகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழுகிற நேரம்தான் கணக்கு. ஆனால் அந்த நேரத்து வெயில் என் பல்பைப் போலச் சாது இல்லை. கோடையில் நம் பக்கம் உச்சிப் பொழுதில் யூவி குறியீடு 11-க்கு மேல் போய், அளவுகோலின் கடைசிப் படியில் நிற்கும். விளக்கிலேயே வளர்ந்த செடியை எடுத்த எடுப்பில் அதில் வைத்தால் ஒரே மதியத்தில் வெளுத்துவிடும், ஒரு தட்டு அப்படிப் போனது. முதல் நாள் பத்து நிமிஷம், அப்புறம் தினம் ஐந்து ஐந்தாகக் கூட்டி அரை மணி வரை. இந்தக் கணக்கில் ஆறே நாளில் லெட்டூஸ் பாக்கெட் படத்தையே தோற்கடிக்கிற நிறத்துக்கு வந்தது.

இப்போது பீரோ பல்பு மழை நாளுக்கும் மூட்டம் போட்ட நாளுக்கும் மட்டும். இந்த ரகப் பல்பில் வெளிச்சம் அப்படியே இருந்தாலும் யூவி-பி ஆறு மாசம், ஒரு வருஷத்தில் தேய்ந்துவிடும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மாட்டிய தேதியை மேல்தட்டின் பின்சுவரில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு நேர்முன்னே, பல்பு படாத அந்த மேல்தட்டில், அப்பத்தா வத்தல் டப்பாக்களை அடுக்கிவிட்டார். அவற்றை நகர்த்தாமல் தேதியைப் படிக்க முடியவில்லை.